காட்டுக்கும் காட்டுக்கும் நடுவே: வனவிலங்கு வழித்தடங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யானை வழித்தடம் பற்றிய செய்தி ஏதாவது ஒரு வடிவில் வந்துகொண்டேதான் இருக்கிறது. வழக்கு, விடுதிக்குச் சீல், ரயிலில் அடிபட்ட குட்டி, புது மேம்பாலம். ஆனால் வழித்தடம் என்பது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, அதை யார் தீர்மானிக்கிறார்கள், அதனால் உண்மையிலேயே பயன் உண்டா என்று கேட்டால் பேச்சு குழம்பிவிடுகிறது. யானையோடு முடிகிற விஷயமும் இல்லை இது. புலி, கரடி, குரங்கு, நண்டு, மீன், செடி எல்லாவற்றுக்கும் பொருந்தும். பலரும் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். சில பதில்கள் நீளம்.

வழித்தடம் என்றால் சரியாக என்ன?

இரண்டு வாழிடங்களுக்கு நடுவே உயிர்கள் போய்வரப் பயன்படும் பகுதி. அது அடர்காடாக இருக்கலாம். ஓடைக்கரை, புல்வெளி, தோட்டத்து ஓரம், சாலைக்கு அடியில் போகும் சிறு மதகு வழி என்று வேறு எதுவாகவும் இருக்கலாம்.

இணைப்பு என்று சொல்வது அதைவிட விரிந்த விஷயம். ஒரு நிலப்பரப்பில் விலங்குகள் எவ்வளவு தங்குதடையின்றி நகர முடிகிறது என்பதே இணைப்பு. வரைபடத்தில் பச்சை நிறம் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டிருந்தால் மட்டும் அது வந்துவிடாது. விலங்கு நிஜமாகவே கடக்க வேண்டும். ஒரே நிலம் சிறுத்தைக்கு வழியாகவும் மரத்திலேயே வாழும் கிப்பன் குரங்குக்குச் சுவராகவும் இருக்கும். அதனால் யாராவது "இது வழித்தடம்" என்றால் முதலில் கேட்க வேண்டியது, "எந்த விலங்குக்கு?"

காட்டுக்குள்ளேயே எல்லாம் இருக்கும்போது அவை ஏன் வெளியே வர வேண்டும்?

முதலில் வயிறு. வளர்ந்த யானை ஒன்று நாளுக்கு 150 கிலோ அளவில் தீனி தின்னும். எங்கே மழை பெய்து புல் துளிர்க்கிறதோ, எங்கே கோடையிலும் தண்ணீர் நிற்கிறதோ அங்கே கூட்டம் போகும். இந்த வலசை பருவத்துக்குப் பருவம் நடப்பது.

அடுத்தது இளவட்டங்கள். இரண்டு வயதை ஒட்டிய ஆண் புலி தாயின் எல்லையை விட்டுக் கிளம்பியே ஆக வேண்டும். அங்கேயே இருந்தால் வளர்ந்த ஆண் புலி விடாது. 2019 ஜூனில் மகாராஷ்டிரத்தின் திப்பேஷ்வர் சரணாலயத்திலிருந்து ரேடியோ காலர் (இருப்பிடம் காட்டும் கழுத்துப் பட்டை) பூட்டிய இளம் ஆண் புலி ஒன்று இப்படித்தான் கிளம்பியது. வயல், ஓடை, கால்வாய், நெடுஞ்சாலை எல்லாவற்றையும் தாண்டியது. பெரும்பாலும் இரவில் நடந்து, பகலில் பதுங்கி, தெலங்கானாவுக்குள்ளும் போய்த் திரும்பி, 3,000 கிலோமீட்டருக்கு மேல் நடந்து ஞானகங்கா சரணாலயத்தில் தங்கியது. அங்கே அதற்கு இரை கிடைத்தது, ஆனால் பெண் புலி ஒன்றுகூட இல்லை. நடந்த தூரத்தைப் பற்றி எல்லோரும் வியந்து எழுதினார்கள். எனக்கென்னவோ அந்தக் கடைசித் தகவல்தான் முக்கியமாகப் படுகிறது. ஜோடியும் இடமும் தேடித்தான் அது அவ்வளவு தூரம் நடந்தது.

மூன்றாவது, உயிர் தப்புவது. அசாமின் காசிரங்கா பூங்காவில் பிரம்மபுத்திரா பெருகும்போது மான், காண்டாமிருகம், யானை எல்லாம் தெற்கே கார்பி ஆங்லாங் மேடுகளுக்கு ஏறும். நடுவில் தேசிய நெடுஞ்சாலை. வெள்ள நாட்களில் அங்கே வண்டிகளுக்கு நேரச் சீட்டு கொடுக்கிறார்கள். ஒரு முனையில் நுழைந்த நேரம் அதில் குறிக்கப்படும். அடுத்த முனைக்குச் சீக்கிரம் வந்து சேர்ந்தால் வேகமாக ஓட்டியிருக்கிறீர்கள் என்று அர்த்தம், அபராதம்.

காடு துண்டாகிவிட்டால் என்ன ஆகும்? துண்டுகளில் விலங்குகள் இருக்கத்தானே செய்கின்றன?

கொஞ்ச காலம் இருக்கும். அதுதான் நம்மை ஏமாற்றுகிறது.

தாய்லாந்தில் 1980களின் பிற்பகுதியில் சியாவ் லான் அணை கட்டப்பட்டபோது மலை உச்சிகள் தீவுகளாயின. அந்தத் தீவுகளில் காடு அப்படியே நின்றது, வெட்டுவாரும் இல்லை. ஆனால் 25 ஆண்டுகளில் அங்கிருந்த சிறு பாலூட்டிகள் ஏறக்குறைய எல்லாம் அழிந்து, வெளியிலிருந்து வந்த ஒரு வகை வயல் எலி மட்டும் பெருகியிருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் இன்றும் பச்சைப் பசேல் என்றுதான் இருக்கும்.

பெரிய விலங்குகளுக்கு அழிவு மெதுவாக வரும், ரத்தத்தின் வழியாக வரும். அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் பூமா என்ற பெரிய காட்டுப்பூனை இனம் 1990களின் தொடக்கத்தில் 20-30 ஆகச் சுருங்கியது. நெருங்கிய உறவுகளுக்குள்ளேயே இனப்பெருக்கம். பல பூமாக்களுக்கு வாலின் நுனி கொக்கிபோல மடங்கியிருந்தது. இதயத்தில் ஓட்டை, ஆண்களுக்கு விதைப்பை இறங்காத கோளாறு வேறு. 1995-ல் டெக்சாஸிலிருந்து 8 பெண் பூமாக்களைக் கொண்டுவந்து விட்டார்கள். அடுத்த தலைமுறைக் குட்டிகள் தேறின, எண்ணிக்கை பல மடங்கானது.

நம் பக்கத்தில் ஒடிசாவின் சிமிலிபால். அங்கே உடலெங்கும் கோடுகள் அகன்று, கறுப்பாகவே தெரியும் புலிகள் உண்டு. மரபியல் ஆய்வாளர் உமா ராமகிருஷ்ணன் குழுவின் ஆய்வு, ஒற்றை மரபணுவில் ஏற்பட்ட மாற்றமே காரணம் என்று 2021-ல் காட்டியது. வேறு புலிக்காடுகளில் காணக் கிடைக்காத அந்த மாற்றம், சிமிலிபாலில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட புலிகளில் இருந்தது. கறுப்புப் புலி பார்க்க அழகுதான், சுற்றுலாவும் பெருகும். ஆனால் அது அந்தக் காடு மற்ற புலிக்காடுகளிடமிருந்து எவ்வளவு துண்டிக்கப்பட்டிருக்கிறது என்பதற்கான சான்று.

வட அமெரிக்காவின் ஐல் ராயல் தீவு ஓநாய்களின் கதையும் இதே ரகம். ஏரி உறைந்தால்தான் கரையிலிருந்து புது ஓநாய் வர முடியும். 1997-ல் ஒரே ஓர் ஆண் ஓநாய் பனிப்பாலத்தில் நடந்து வந்தது, அதன் ரத்தம் கூட்டத்தைச் சில காலம் தூக்கி நிறுத்தியது. பின்பு ஏரி உறைவதே குறைந்தது. 2018 வாக்கில் மிஞ்சியவை இரண்டே ஓநாய்கள். அவையும் தந்தையும் மகளும்.

அப்படியென்றால் எத்தனை விலங்குகள் போய்வந்தால் போதும்?

மரபியலில் ஒரு பழைய கணக்கு உண்டு. தலைமுறைக்கு ஒரே ஒரு புதிய விலங்கு வந்து, தங்கி, குட்டி போட்டாலே உறவுக்குள் கலப்பின் கேடு பெருமளவு கட்டுப்படும். இயற்கையில் எல்லாம் கணக்குப்படி நடக்காது என்பதால் ஒன்றிலிருந்து பத்து வரை என்று இப்போது சொல்கிறார்கள். எண்ணிக்கை சின்னதுதான். ஆனால் வந்தால் போதாது, குட்டி போட வேண்டும். ஞானகங்காவுக்கு வந்த புலி இந்தக் கணக்கில் சேராது.

இதெல்லாம் கோட்பாடா, சோதித்துப் பார்த்திருக்கிறார்களா?

தீவு உயிர்ப்புவியியல் என்ற கோட்பாட்டை உயிரியலாளர்கள் மெக்ஆர்தரும் வில்சனும் 1967-ல் முன்வைத்தார்கள். சிறிய தீவு, தொலைவிலுள்ள தீவு என்றால் உயிரினங்கள் குறைவு என்பது அதன் சாரம். காட்டுத் துண்டுகளும் தீவுகள்தானே, இணைத்துவிட்டால் என்ன என்ற யோசனை அதிலிருந்து வந்தது. 1987-ல் சிம்பர்லாஃப், காக்ஸ் என்ற ஆய்வாளர்கள் "நல்ல யோசனை, ஆதாரம் எங்கே?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. அதற்குப் பிறகுதான் ஒழுங்கான சோதனைகள் வந்தன.

அவற்றில் எனக்குப் பிடித்தது அமெரிக்காவின் தென் கரோலினாவில் உள்ள சவானா ஆற்றுப் பகுதியில் நடப்பது. அடர்ந்த பைன் காட்டுக்குள் மரங்களை வெட்டித் திறந்த வெளித் துண்டுகள் உண்டாக்கினார்கள். சிலவற்றை 150 மீட்டர் நீளம், 25 மீட்டர் அகலமுள்ள திறந்த பட்டையால் இணைத்தார்கள், மற்றவற்றைத் தனியாக விட்டார்கள். கவனியுங்கள், இங்கே வாழிடம் திறந்த வெளி, தடை காடு. 18 ஆண்டுகள் கழித்து, இணைக்கப்பட்ட துண்டுகளில் செடி வகைகள் 14 சதவீதம் அதிகமாக இருந்தன. ஆரம்ப ஆண்டுகளில் மட்டும் பார்த்திருந்தால் இந்த வித்தியாசம் இவ்வளவு தெரிந்திருக்காது. ஆண்டுக்காண்டு அது கூடிக்கொண்டே போனது.

2010-ல் பல ஆய்வுகளைச் சேர்த்து அலசியபோது, வழித்தடம் இருந்தால் துண்டுகளுக்கு நடுவே நகர்வு சுமார் 50 சதவீதம் கூடுகிறது என்று தெரிந்தது. அதே அலசலில் இன்னொன்றும் தெரிந்தது. மனிதர்கள் உண்டாக்கிய வழித்தடங்களைவிட இயற்கையாக ஏற்கனவே இருந்தவற்றில் நகர்வு அதிகம். உடைத்துவிட்டுப் பிறகு ஒட்டலாம் என்று நினைப்பவர்களுக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான்.

தடம் எங்கே போகிறது என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

ரேடியோ காலர், தானியங்கி கேமரா, கால்தடம், எச்சம். எச்சத்தைக் குறைவாக எடை போட வேண்டாம். புலியின் எச்சம் வெளியேறும்போது குடல் சுவரின் செல்கள் அதன் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டு வரும். ஆய்வாளர்கள் அந்த மேற்பூச்சைச் சுரண்டி எடுத்து மரபணுவைப் படிப்பார்கள். எந்தப் புலி, ஆணா பெண்ணா, யாருக்கு உறவு என்று சொல்லிவிடலாம். மத்திய இந்தியாவின் சாத்பூரா, மேல்காட், பெஞ்ச், கான்ஹா காடுகளின் புலிகளுக்குள் மரபணுக் கலப்பு இருப்பதை இப்படித்தான் நிறுவினார்கள். ஒரு புலியையும் தொடாமல்.

அப்புறம் கணினி மாதிரிகள். நிலப்பரப்பை ஒரு மின்சுற்றாக வைத்துப் பார்க்கும் முறை பிரபலம். காட்டுக்குக் குறைந்த மின்தடை, நகரத்துக்கு அதிகம் என்று மதிப்பிட்டு, மின்னோட்டம் எங்கே நெருக்கிக்கொண்டு பாய்கிறது என்று பார்ப்பார்கள். அந்த நெருக்கல்தான் வழித்தடத்தின் குரல்வளை. மாதிரி சொல்வதைக் களத்தில் சரிபார்க்காமல் நம்பக் கூடாது.

காட்டோரம் காலங்காலமாக வாழும் மக்களிடம் கேட்பதும் ஒரு முறை, பல இடங்களில் அதுவே முதல் முறையாக இருந்திருக்க வேண்டியது. எந்த மாதம் எந்த ஓடை வழியாக யானை இறங்கும் என்பது அவர்களுக்குக் காலர் பூட்டாமலே தெரியும்.

எவ்வளவு அகலம் வேண்டும்?

பொதுவான எண் கிடையாது. தவளைக்குச் சாலைக்கு அடியில் ஒரு குழாய் போதும். யானைக் கூட்டம் நின்று மேய்ந்து போக வேண்டும் என்றால் கிலோமீட்டர் கணக்கில் வேண்டும். நீளம் கூடக் கூட அகலமும் கூட வேண்டும், ஏனென்றால் ஒரே இரவில் கடக்க முடியாத விலங்கு நடுவில் தங்கித் தின்ன வேண்டும். ஓரங்களில் வெளிச்சமும் நாயும் சத்தமும் உள்ளே புகும். அதைக் கழித்துவிட்டு மிஞ்சுவதுதான் உண்மையான அகலம்.

சராசரி அகலத்தைச் சொல்லும் அறிக்கைகளை நான் சந்தேகத்தோடுதான் படிப்பேன். மிகக் குறுகிய இடம் எது என்பதே கேள்வி. இரண்டு கிலோமீட்டர் அகலமுள்ள வழித்தடத்தின் குறுக்கே ஒரே இடத்தில் ஒரு மதில் எழும்பினால் மீதி நிலமெல்லாம் முட்டுச்சந்துதான்.

இடைவிடாமல் காடாகவே இருக்க வேண்டுமா?

தேவையில்லை. பறவை, வௌவால், பட்டாம்பூச்சிக்கு விட்டு விட்டு இருக்கும் சிறு தோப்புகளே போதுமானதாக இருக்கலாம். நிழல் மரங்கள் உள்ள காப்பித் தோட்டத்தில் பல விலங்குகள் தாராளமாகப் போகும். பயிர் வயலில்கூட இரவில் போகும்.

சாலை போட்டாகிவிட்டது. மேலே பாலம் கட்டினால் விலங்குகள் அதில் போகுமா?

போகும். ஆனால் உடனே போகாது, எல்லாம் ஒரே மாதிரிப் பாலத்தில் போகாது.

உலகில் அதிகம் ஆராயப்பட்ட இடம் கனடாவின் பான்ஃப் தேசியப் பூங்கா. அங்கே நெடுஞ்சாலைக்கு 6 மேல்பாலங்களும் 38 அடிவழிகளும் இருக்கின்றன, இருபுறமும் வேலி. விலங்குகள் மீது வண்டி மோதுவது 80 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. பழுப்புக் கரடி, ஓநாய், எல்க் மான் எல்லாம் அகலமான திறந்த மேல்பாலத்தை விரும்புகின்றன. கருங்கரடியும் பூமாவும் நீளமான, குறுகலான அடிவழியில் போகின்றன. பழுப்புக் கரடிகள் பாலத்துக்குப் பழக ஐந்து ஆண்டுகள் வரை எடுத்தன. கடந்துபோன கரடிகள் மறுபுறம் குட்டி போட்டனவா என்பதையும் முடியிலிருந்து எடுத்த மரபணுவை வைத்துப் பார்த்தார்கள். போட்டிருந்தன.

வேலி இல்லாத பாலம் பெரும்பாலும் வீண் செலவு. வேலிதான் விலங்கைப் பாலத்துக்கு வழிகாட்டுகிறது. மறுபக்கம், பாலம் இல்லாத வேலி சாவைக் குறைத்து, துண்டாவதை முழுமையாக்கிவிடும்.

இந்தியாவில் நாக்பூருக்கு வடக்கே பெஞ்ச் புலிகள் காப்பகத்தை ஊடுருவும் தேசிய நெடுஞ்சாலை 44. நீண்ட இழுபறிக்குப் பிறகு, மகாராஷ்டிரப் பகுதியில் மட்டும் 9 இடங்களில் சாலையைத் தூண்களின் மேல் உயர்த்தி, விலங்குகள் அடியில் போக வழி விட்டார்கள். 50 மீட்டரிலிருந்து 750 மீட்டர் வரை நீளம். 2019-ல் வைத்த கேமராக்களில் புலி, செந்நாய், காட்டெருமை உட்பட 18 வகை விலங்குகள் பதிவாயின.

மரத்திலேயே வாழ்பவற்றுக்கு வேறு ஏற்பாடு வேண்டும். சீனாவின் ஹைனான் தீவில் உலகிலேயே மிக அரிதான கிப்பன் இனம் இருக்கிறது. 2014-ல் சூறாவளியால் வந்த நிலச்சரிவு அவற்றின் பாதையில் மரங்களை அறுத்துக்கொண்டு போய்விட்டது. அதன் பிறகும் கிப்பன்கள் அந்தப் பள்ளத்தைத் தாவித்தான் கடந்தன, ஆபத்தான தாவல். 2015 இறுதியில் மலையேறிகள் பயன்படுத்தும் கயிறுகள் இரண்டைப் பள்ளத்தின் குறுக்கே கட்டினார்கள். 176 நாட்கள் ஒன்றும் தொடவில்லை. பிறகு பெண்களும் குட்டிகளும் ஒரு கயிற்றில் கால் வைத்து, மற்றதைக் கைப்பிடியாகப் பிடித்து நடக்கத் தொடங்கின. வளர்ந்த ஆண்கள் கடைசிவரை பெரும்பாலும் தாவல்தான். கயிறு தற்காலிக ஏற்பாடு என்பதால் பக்கத்தில் மரக்கன்றும் நட்டார்கள், அதுதான் சரியான யோசனை.

கிறிஸ்துமஸ் தீவில் கடலுக்கு இறங்கும் செந்நண்டுகளுக்காகச் சாலைக்கு மேல் ஐந்து மீட்டர் உயரப் பாலம் கட்டியிருக்கிறார்கள். நண்டுகள் வரிசையாக ஏறி இறங்குகின்றன.

பாலத்துக்குப் பணம் இல்லை. வேறு வழி?

இரவில் சாலையை மூடலாம். கர்நாடகத்தின் பந்திப்பூர் காடு வழியாகப் போகும் இரண்டு தேசிய நெடுஞ்சாலைகளில் 2009 முதல் இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணி வரை பொதுப் போக்குவரத்துக்குத் தடை உண்டு. சொற்ப செலவு, உடனடிப் பலன். வணிகர்களுக்கும் நோயாளிகளுக்கும் தொந்தரவு இருக்கிறது, அதை மறுக்க முடியாது. ஆம்புலன்சுக்கும் குறிப்பிட்ட சில பேருந்துகளுக்கும் விலக்கு அதற்காகத்தான்.

ரயில் பாதை?

ரயிலின் சிக்கல் வேறு. வண்டி சட்டென்று நிற்காது, வளைவில் ஓட்டுநருக்கு எதிரே இருப்பது தெரியாது. கோயம்புத்தூர்-பாலக்காடு தடத்தில் மதுக்கரைக்கும் வாளையாறுக்கும் நடுவே பல யானைகள் அடிபட்டுச் செத்திருக்கின்றன. அங்கே 2024 முதல் 12 கோபுரங்களில் வெப்பம் உணரும் கேமராக்கள் வைத்து, யானை தண்டவாளத்தை நெருங்கினால் ரயில்வேக்கும் வனத்துறைக்கும் எச்சரிக்கை போகும்படி செய்திருக்கிறார்கள். தண்டவாளத்துக்கு அடியில் யானைக்கு வழியும் அமைத்திருக்கிறார்கள். கேமரா உயிரைக் காக்கும், அடிவழிதான் பாதையைக் காக்கும்.

பழைய பாதை அடைபட்டால் யானை வேறு பாதை பழகிக்கொள்ளாதா?

பழகிக்கொள்ளும். அந்த வேறு பாதை ஊருக்குள் போகும் என்பதுதான் விஷயம். மின்வேலியும் அகழியும் சில இடங்களில் தேவைதான், ஆனால் ஒரு பக்கத்தை அடைத்தால் சுமை பக்கத்து ஊருக்கு நகர்கிறது.

தடைகள் போன பிறகும் விலங்கின் பழக்கம் போகாமல் இருக்கலாம். பனிப்போர்க் காலத்தில் ஜெர்மனிக்கும் செக்கோஸ்லோவாகியாவுக்கும் நடுவே மின்வேலி இருந்தது. அது அகற்றப்பட்டுப் பல ஆண்டுகள் கழித்தும், வேலியைக் கண்ணாலேயே பார்த்திராத செந்நிற மான்கள் பழைய எல்லைக்கோட்டில் வந்து திரும்பிக்கொண்டிருந்தன. தாயின் பின்னால் நடந்து கற்ற வழி அது.

வேலியைச் சற்று மாற்றினாலும் போதும் சில சமயம். வட அமெரிக்காவின் பிராங்ஹார்ன் என்ற மான் போன்ற விலங்கு மின்னலாக ஓடும், ஆனால் வேலியைத் தாண்டிக் குதிக்காது, அடியில் புகத்தான் பார்க்கும். அதனால் கீழ்க் கம்பியை முள் இல்லாததாக மாற்றி, தரையிலிருந்து 40 செ.மீ.க்குச் சற்று மேலே உயர்த்திக் கட்டினாலே அதற்கு வழி திறந்துவிடும்.

இந்தியாவில் சட்டம் என்ன சொல்கிறது?

வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் எல்லாவற்றுக்கும் தனிப் பிரிவுகள் உண்டு. வழித்தடத்துக்கென்று அப்படித் தனி வகை கிடையாது. 2006 திருத்தத்தில் வந்த 38ஓ பிரிவு, புலிகள் காப்பகங்களை இணைக்கும் பகுதிகளைச் சூழலுக்கு ஒவ்வாத பயன்பாட்டுக்குத் திருப்பக் கூடாது என்கிறது. பொதுநலன் கருதி விலக்கு வேண்டுமென்றால் தேசிய வனவிலங்கு வாரியத்தின் ஒப்புதல் வேண்டும். யானை வழித்தடங்களைப் பொறுத்தவரை, மத்திய அரசு 2023-ல் வெளியிட்ட பட்டியலில் 15 மாநிலங்களில் 150 இருக்கின்றன, அதிகம் மேற்கு வங்கத்தில், 26. பட்டியலில் பெயர் இருப்பது வேறு, சட்டக் காவல் வேறு.

நீலகிரியின் சீகூர் வழக்கைத் தெரிந்துகொள்வது நல்லது. மேற்குத் தொடர்ச்சி மலையும் கிழக்குத் தொடர்ச்சி மலையும் சந்திக்கும் இடம், நீலகிரிச் சரிவுக்கும் மாயாற்றுப் பள்ளத்துக்கும் நடுவே இருப்பது சீகூர் பீடபூமி. யானைக்குப் பக்கவாட்டில் ஒதுங்க இடமே இல்லை. தமிழக அரசு 2010-ல் அங்கே வழித்தடத்தை அறிவித்தது, 2011-ல் சென்னை உயர்நீதிமன்றம் அதை ஏற்றது. அரசு வரைந்த எல்லை முந்தைய ஆய்வுகளோடு பொருந்தவில்லை என்று விடுதிக்காரர்கள் வாதிட்டார்கள். 2018-ல் பல விடுதிகள் மூடப்பட்டன. 2020 அக்டோபர் 14 அன்று உச்ச நீதிமன்றம் அறிவிப்பைச் செல்லும் என்று சொல்லி, தனிப்பட்ட ஆட்சேபங்களைக் கேட்க ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் குழு அமைத்தது. பத்தாண்டு வழக்கு. முதலிலேயே எல்லையைத் தெளிவாக அறிவித்திருந்தால் யாரும் அங்கே கடன் வாங்கிக் கட்டிடம் கட்டியிருக்க மாட்டார்கள்.

அங்கே வாழும் மக்களை வெளியேற்றுவதுதான் இதன் முடிவா?

அப்படி இருக்க வேண்டியதில்லை. வயநாட்டின் திருநெல்லி பகுதியில் சில குடியிருப்புகள் மாற்று நிலமும் வீடும் பெற்று விருப்பத்தின் பேரில் இடம் மாறின. அது ஒரு வகை. நேபாளத்தின் கட்டா வழித்தடம் இன்னொரு வகை. பர்தியா தேசியப் பூங்காவை இந்தியாவின் கதர்னியாகாட்டோடு இணைக்கும் அந்தப் பகுதியைச் சமூகக் காடுகளாக ஊர் மக்களே வளர்த்தெடுத்தார்கள். புலியும் காண்டாமிருகமும் யானையும் அதில் போகின்றன.

ஆனால் இதைத் தேனாகச் சொல்லி முடிக்க முடியாது. புலி பெருகியதும் பர்தியா பக்கத்தில் மனிதர்கள் மீதான தாக்குதலும் பெருகி, 2022-ல் போராட்டம் வெடித்தது. வழித்தடம் வெற்றி பெற்றால் அதன் ஓரத்தில் வாழ்பவருக்கு ஆபத்து கூடும். இழப்பீடு தாமதமாக வந்தால், கழிப்பறையும் தெருவிளக்கும் இல்லாமல் இருந்தால், அடுத்த தலைமுறை அந்தக் காட்டைக் காக்காது.

வழித்தடத்தால் தீமை ஏதும் உண்டா?

உண்டு. நோய், தீ, களைச்செடி எல்லாமே அதே வழியில் பயணிக்கலாம். வேட்டைக்காரனுக்கும் கண்ணி வைக்க வசதி, விலங்கு எங்கே குறுகி வரும் என்று அவனுக்கும் தெரியும். மறுமுனையில் இருக்கும் காடு மோசமாக இருந்தால் வழித்தடம் விலங்குகளைச் சாவுக்கு அனுப்பும் வழியாகிவிடும்.

இயற்கையே பிரித்து வைத்ததை இணைக்கவும் கூடாது. பாலக்காட்டுக் கணவாய்க்கு இருபுறமும் உள்ள யானைகளிடம் மரபணு வேறுபாடு இருக்கிறது, வரையாடுகளிடமும் அப்படித்தான். அந்தப் பிரிவு நெடுஞ்சாலை வருவதற்கு மிக முந்தையது. நேற்று நாம் உடைத்ததையும் என்றோ நிலம் பிரித்ததையும் ஒன்றாக எண்ணக் கூடாது.

ஆறுகளுக்கும் இது பொருந்துமா?

நன்றாகப் பொருந்தும். ஆற்று மீனுக்குச் சுற்றிப் போக வழியே கிடையாது, ஓர் அணை போதும். அமெரிக்காவின் கிளாமத் ஆற்றில் நான்கு அணைகளை அகற்றும் பணி 2024-ல் முடிந்தது. சில வாரங்களிலேயே சினூக் சால்மன் மீன்கள், நூறாண்டுக்கு மேலாக எட்ட முடியாதிருந்த மேல் பகுதிகளுக்குப் போய்ச் சேர்ந்தன.

பருவநிலை மாற்றத்தோடு என்ன தொடர்பு?

வெப்பம் கூடும்போது உயிரினங்கள் மலையில் மேலே ஏறும், அல்லது துருவங்களை நோக்கி நகரும். பூங்காவின் எல்லை நகராது. அதனால் தாழ்நிலத்திலிருந்து உச்சி வரை அறுபடாத சரிவுகளைக் காப்பது, மற்ற வழித்தடங்களுக்குச் சமமாக முக்கியம். 2022-ல் நாடுகள் ஒப்புக்கொண்ட குன்மிங்-மாண்ட்ரியல் உயிர்ப்பன்மைப் பாதுகாப்பு இலக்குகளில், நிலத்திலும் கடலிலும் 30 சதவீதத்தைக் காப்பதோடு அவை நன்கு இணைந்திருக்க வேண்டும் என்றும் எழுதியிருக்கிறது. 30 என்ற எண்ணைத்தான் எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள்.

பேசாமல் விலங்கைப் பிடித்து லாரியில் ஏற்றி அடுத்த காட்டில் விட்டுவிட்டால் என்ன?

சில சமயம் அதுதான் ஒரே வழி. உத்தராகண்டின் ராஜாஜி புலிகள் காப்பகத்தின் கிழக்குப் பகுதியில் புலிகள் ஏராளம். நடுவில் கங்கை, நெடுஞ்சாலை, ரயில், குடியிருப்பு. மேற்குப் பகுதியில் இரண்டு பெண் புலிகள் மட்டும் ஆண்டுக்கணக்கில் துணையில்லாமல் இருந்தன. 2020 டிசம்பரில் தொடங்கி அதே மாநிலத்தின் கார்பெட் காப்பகத்திலிருந்து புலிகளைக் கொண்டுவந்து விட வேண்டியதாயிற்று. ஃபுளோரிடாவிலும் இதுதான் நடந்தது.

யானையிடம் இது பலிப்பது அரிது. இலங்கையில் இடம் மாற்றி விடப்பட்ட 12 ஆண் யானைகளைக் காலர் பூட்டிப் பின்தொடர்ந்தார்கள். பல திரும்பி வரக் கிளம்பின, சில அலைந்து திரிந்து புதிய ஊர்களில் தொல்லை கொடுத்தன. 2023-ல் கேரளத்தின் சின்னக்கானலில் பிடித்துப் பெரியாறு காட்டில் விடப்பட்ட அரிக்கொம்பன் என்ற யானை அடுத்த மாதமே கம்பம் நகருக்குள் நடந்ததை நாம் எல்லோரும் பார்த்தோம். லாரி ஒரு தடவைதான் போகும். வழித்தடம் ஆண்டு முழுவதும் திறந்திருக்கும்.

ஒரு திட்ட அறிக்கையில் "வழித்தடம் பாதுகாக்கப்படும்" என்று எழுதியிருந்தால் எதைப் பார்ப்பது?

எந்த விலங்குக்கு என்று பெயர் சொல்லியிருக்கிறதா பாருங்கள். மிகக் குறுகிய இடத்தின் அகலம் எவ்வளவு, அந்த நிலம் யார் பெயரில் பட்டா ஆகியிருக்கிறது என்று தேடுங்கள். பெரும்பாலான அறிக்கைகள் இந்த இடத்தில் மழுப்பும். கட்டுமானத்துக்கு முன் எடுத்த கணக்கு இருக்கிறதா? அது இல்லாமல் பின்னால் வரும் எந்த எண்ணுக்கும் பொருள் இல்லை. அடிவழியின் உள்ளே இரவில் விளக்கு எரியுமா, ஆட்களும் மாடுகளும் அதையே பாதையாக்கிக்கொள்வதை யார் தடுப்பார்கள், வேலியைப் பழுது பார்க்க ஆண்டுதோறும் பணம் ஒதுக்கப்பட்டிருக்கிறதா?

கண்காணிப்புக் காலத்தையும் பாருங்கள். பான்ஃபில் கரடிகளுக்கு ஐந்து ஆண்டு தேவைப்பட்டது. ஆறு மாதக் கேமராப் பதிவை வைத்துக்கொண்டு "விலங்குகள் பயன்படுத்தவில்லை" என்றோ "திட்டம் வெற்றி" என்றோ எழுதினால், இரண்டையும் ஏற்க வேண்டியதில்லை.